சோப்பு டப்பாவும் மூன்று கோடியும்

எரியோட்டில் டீக்கடைக்கு ஒரு நிதியமைச்சர் உண்டு. அய்யலூர் சந்தையில் தக்காளி விலை ஏன் விழுந்தது என்பதில் தொடங்கி, அமெரிக்காக்காரன் வரியைக் கூட்டியது சரியா என்பது வரைக்கும் ஒரு டீக்குள் பட்ஜெட் போட்டுவிடுவார். 2025 அக்டோபரில் இந்த அமைச்சர்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள், ஆண், பெண் இரண்டுமே, ஈரானை வென்று தங்கம் வாங்கின. பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். இரண்டு பேருக்கும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

"இருபத்தஞ்சு பத்தாதுண்ணே. செஸ் ஆடுன குகேஷுக்கு அஞ்சு கோடி குடுத்தாங்கள்ல?"

"அவரு உலகச் சாம்பியன்டா. இவுக சின்னப் புள்ளைக."

"சரி, கேரம் போர்டு ஆடுன காசிமாவுக்கு ஒரு கோடி குடுத்தாங்கள்ல? அது உக்காந்து ஆடுறது. இது மூச்சுப் புடிச்சு ஆடுறது. எதுக்குண்ணே கூடக் குடுக்கணும்?"

மூச்சுக்கு என்ன விலை என்று அன்றைக்கு முடிவாகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நானும் சடுகுடு ஆடியவன். எங்கள் காலத்தில் மூச்சுக்கு விலை ரொம்பத் தெளிவாக இருந்தது.

பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு சோப்பு டப்பா. இரண்டாவது பரிசு பென்சில் டப்பா. மூன்றாவது சீப்பு. சோப்பு டப்பா இளநீலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ரோஸ். திறந்து பார்த்தால் உள்ளே சோப்பு இருக்காது. அதை நாம்தான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் லைஃப்பாய் கட்டியை அம்மா நூல் போட்டு இரண்டாக அறுத்து, ஒரு பாதியை எடுத்துக் கிணற்றடிக்குக் கொடுத்தனுப்புவாள். மறுபாதி பரணுக்குப் போய்விடும். டப்பாவில் வைத்தால் தண்ணீர் நின்று கரைந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் நான் ஓடி வாங்கிய டப்பாவில் ஊசியும் நூல்கண்டும் ஊக்கும் குடியேறின. ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஒரு டப்பா இருந்தது. அந்த வீட்டில் ஒருவன் ஒரு காலத்தில் வேகமாக ஓடினான் என்பதற்கு அதுதான் சான்றிதழ்.

சடுகுடுவுக்குக் கொஞ்சம் மரியாதை கூட. தை பிறந்து, கடலை பிடுங்கின காட்டில் கோடு கிழித்தால் வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்தெல்லாம் செட்டு வரும். முதல் பரிசு ஆட்டுக்கிடா அல்லது எவர்சில்வர் குடம். கிடா என்றால் பிரச்சினையே இல்லை, அன்று ராத்திரியே பங்கு பிரிந்துவிடும். குடம் என்றால்தான் தகராறு. ஏழு பேர் ஆடி ஜெயித்த ஒரு குடத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது? கடைசியில் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். பக்தி என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மற்ற ஆறு பேருக்கும் கிடைக்கக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான்.

அந்தக் குடத்தில் நான் உற்றுப் பார்த்தது ஒன்று உண்டு. அப்போது திண்டுக்கல் பாத்திரக்கடைகளில் பேர் வெட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு, சின்ன உளியை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே போவார். புள்ளி புள்ளியாக எழுத்து விழும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் குடத்தின் கழுத்தைச் சுற்றிப் பரிசளித்தவரின் பேர், அவர் அப்பா பேரின் முதலெழுத்து, அவருடைய மண்டி, ஊர், தேதி எல்லாம் இருந்தன. ஜெயித்த செட்டின் பேர் இல்லை. குடம் வாங்கும்போது யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதே என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஜெயித்த பிறகும் யாரும் அந்தக் குடத்தைத் திரும்ப உளிக்காரரிடம் கொண்டுபோனதில்லை. வாங்கினவன் பேரை ஊர் மறந்துவிடும். கொடுத்தவர் பேர் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க மின்னும்.

நாங்கள்தான் பட்டிக்காட்டில் குடத்துக்கு மூச்சு விட்டோம் என்று நினைத்தால், தேசமும் அப்போது அப்படித்தான் இருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய கே.டி. ஜாதவ்தான் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கக்காரர். மராட்டியத்துக் கிராமத்து மனிதர். ஹெல்சிங்கி போவதற்குக் காசில்லை. ஊர்க்காரர்கள் வசூல் போட்டார்கள். அவர் படித்த கோலாப்பூர்க் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். பதக்கத்தோடு திரும்பியவரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் கட்டி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஊர்வலம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் காரியம், குஸ்திப் பந்தயம் நடத்திக் காசு திரட்டி அந்த வீட்டு அடமானத்தை மீட்டது. போலீஸ் வேலையில் சேர்ந்து, 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கிரிக்கெட்டும் ஒன்றும் வசதியாக இல்லை. 1983இல் கபில்தேவ் அணி உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் நம்ம ஸ்ரீகாந்த், 38. ஜெயித்தவர்களுக்குக் கொடுக்க வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி செய்தார். அதில் வந்த பணத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் கிடைத்தது. அதே வாரியம் 2024இல் டி20 உலகக் கோப்பை ஜெயித்த அணிக்கு 125 கோடி ரூபாய் அறிவித்தது. இந்தத் தடவை யாரும் பாட வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது. ஒலிம்பிக் தங்கத்துக்கு மத்திய அரசு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30. மாநிலங்கள் தனி. அரியானா தங்கத்துக்கு 6 கோடி. நம் தமிழ்நாடு, 2021 ஜூனில் அறிவித்தபடி, தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1.

இந்தப் பட்டியலை முழுக்கப் படித்துப் பார்த்த ஒரே மனிதர் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுதான். அம்மா காய்கறி விற்றுப் படிக்க வைத்த பிள்ளை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். ஜெயலலிதா அரசு 2 கோடி கொடுத்தது. டோக்கியோவில் வெள்ளி, அதற்கும் 2 கோடி. பாரிஸில் வெண்கலம், 1 கோடி. அதாவது 2016இல் தங்கத்துக்கு இருந்த விலை, ஐந்து வருஷத்தில் வெள்ளிக்கு வந்துவிட்டது. பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதிக்கு 2 கோடி, வெண்கலம் வாங்கிய மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா 1 கோடி. நியாயமான காசு. ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அந்த 3 கோடி இருக்கிறதே, தங்கத்துக்கானது, அது அறிவித்த நாளிலிருந்து இன்னும் கஜானாவை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்காரர் யாரும் ஒலிம்பிக்கிலோ பாராலிம்பிக்கிலோ தங்கம் வாங்கவில்லை. கொடுக்க வேண்டி வராத பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அறிவிக்கலாம். சிங்கப்பூரைப் பாருங்கள். தனிநபர் ஒலிம்பிக் தங்கத்துக்கு அங்கே பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர். உலகத்தில் பெரிய தொகைகளில் ஒன்று. இதுவரை அந்த நாடு வாங்கிய ஒலிம்பிக் தங்கம் ஒன்றே ஒன்று, 2016இல் நீச்சல்காரர் ஜோசப் ஸ்கூலிங் வாங்கியது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைப் பயிற்சிச் செலவுக்கென்று சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி. கெட்டிக்காரர்கள்.

காசு மட்டும்தான் என்று இல்லை. 2021இல் பேட்மிண்டன் இரட்டையரில் தங்கம் வாங்கிய இந்தோனேசியாவின் அப்ரியானி ராஹாயுவுக்கு அவர் மாவட்டத் தலைவர் ஒரு வீடும் ஐந்து மாடும் தருவதாகச் சொன்னார். 2024 பாரிஸில் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்த பாகிஸ்தானின் அர்ஷத் நதீமுக்கு மாமனார் ஓர் எருமை கொடுத்தார். அங்கே பஞ்சாப் மாகாண முதல்வர் 10 கோடி பாகிஸ்தான் ரூபாயும் 92.97 என்று நம்பர் போட்ட காரும் கொடுத்தார். பிலிப்பைன்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர் கார்லோஸ் யூலோவுக்கு ஆயுள் முழுக்க ஓட்டல் சாப்பாடு இலவசம், ஒரு டாக்டர் வகையில் பின்னாளில் குடல் பரிசோதனையும் இலவசம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

எரியோட்டுக்காரனுக்கு இதிலெல்லாம் ஆச்சரியம் கிடையாது. ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவன் கட்டில், பீரோ, அண்டா, சைக்கிளோடு வீட்டுக்கு வருவதையும், அலங்காநல்லூரில் காரும் டிராக்டரும் நிற்பதையும் பார்த்துப் பழகியவன். எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இதுதான் நடைமுறை. ஏதென்ஸ் நகரத்தில் சோலன் ஒலிம்பிக் ஜெயித்தவனுக்கு 500 திராக்மா என்று சட்டமே போட்டாராம். கவனியுங்கள்: ஓடியவன் பேர் நமக்குத் தெரியாது. சோலன் பேர் தெரிகிறது.

நம்மிடமும் ஒரு கதை உண்டு, சிரிக்க முடியாத கதை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி. செங்கல் சூளைக் கூலிகளின் மகள். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். உலகம் கைவிட்ட பெண்ணை மாநிலம் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார் சாந்தி. பணம் தீர்ந்தது. சில வருஷத்தில் அவரும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிற்று. 15 லட்சம் கொடுக்க ஒரு மேடை போதும். மாதச் சம்பளம் கொடுக்கத்தான் இத்தனை காலம்.

இதன் மறுபக்கம் பிரிட்டன். 1996 அட்லாண்டாவில் அவர்களுக்கு ஒரே ஒரு தங்கம். பட்டியலில் 36ஆவது இடம். மானம் போயிற்று. உடனே நம்மைப் போல் தங்கத்துக்கு இத்தனை கோடி என்று அறிவிக்கவில்லை. லாட்டரிப் பணத்தை எடுத்துப் பயிற்சிக்கும் பயிற்சியாளருக்கும் வீரர்களின் மாதச் செலவுக்கும் கொட்டினார்கள். 2012 லண்டனில் 29 தங்கம், மூன்றாவது இடம். இன்றைக்கும் அங்கே பதக்கம் வாங்கினால் அரசாங்கம் ஒரு பென்னிகூடப் பரிசு தருவதில்லை. நார்வேயும் தருவதில்லை, குளிர்கால ஒலிம்பிக்கில் எல்லாரையும் விட அதிகப் பதக்கம் அவர்களிடம்தான். டீக்கடையில் இதைச் சொன்னேன். "கஞ்சப் பயலுக" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வந்துவிட்டது.

இங்கே பயிற்சிக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பை நடக்கிறது. 2025இல் அதற்கு 37 கோடி ரூபாய் பரிசு, மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம். 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் பந்தும் மட்டையும் அடங்கிய விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டம் வந்தது. தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம், 3 கோடி செலவில். ஒரு தங்கத்துக்கு அறிவித்த தொகையும் ஒரு மைதானத்தின் செலவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். இருந்தாலும் மைதானம் முதலில் வந்தால் தங்கம் பின்னால் வரும், தங்கம் வந்தால் மைதானம் தானாக வராது என்பதற்கு எந்த நிதியமைச்சரும் தேவையில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை 400 மீட்டர் ஓடும். செருப்பில்லாமல் ஓடி மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. மாநிலப் போட்டிக்குப் போய்வர, தங்க, சாப்பிட வீட்டில் வழியில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மில் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேடசந்தூர் வட்டாரத்தில் நூல் மில்களுக்கு எண்ணிக்கை இல்லை. வேன் போகாத தெருவும் இல்லை. அப்போது பல மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. வயசுக்கு வந்த பிள்ளைகள் மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். தினச் சம்பளம் குறைச்சல். ஆனால் மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கென்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் கொடுப்பார்கள். முடிக்காமல் வந்தால் அந்த மொத்தம் கிடையாது. எங்கள் பிள்ளை மூன்றாம் வருஷத்தில் பஞ்சுத் தூசியில் மூச்சு இளைத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு அதற்கு இரண்டு பிள்ளைகள். கார்த்திகாவின் வீடியோவைப் போனில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டது. பிறகு, "இந்தக் காசு எப்ப சித்தப்பா குடுப்பாக? ஜெயிச்ச பெறகா, முன்னாடியா?" என்று கேட்டது.

"ஜெயிச்ச பெறகுதாம்மா."

"அப்ப நம்ம மில்லு மாதிரிதான்."

பத்து வருஷமாகப் பேப்பர் படிக்கும் எந்த டீக்கடை அமைச்சரும் இப்படி ஒரு வரியில் சொல்லவில்லை. மூன்று வருஷம் முடித்தவளுக்கு மட்டும் மொத்தமாகப் பணம் என்று மில் சொன்னபோது அதை அநியாயம் என்றோம். எட்டு வயதிலிருந்து இருபது வயது வரை தன் செலவில் ஓடி, கால் உடையாமல், மூச்சு இளையாமல், மேடை வரை வந்து சேர்ந்தவளுக்கு மட்டும் மொத்தமாகப் பணம் என்றால் அதை ஊக்கத்தொகை என்கிறோம். பாதி வழியில் நின்றுபோன நூறு பேரின் கூலி இரண்டு கணக்கிலும் வராது.

சரி, ஊருக்கு வருவோம். இப்போது எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குக் கபடி என்றால் ராத்திரி பகலாகிவிடும். மேட் விரிக்கிறார்கள், எல்.இ.டி. லைட், யூடியூப் லைவ். மூங்கில் கட்டி நிறுத்திய ஃப்ளெக்ஸில் முதல் பரிசு 20,001 ரூபாயும் சுழற்கோப்பையும், இரண்டாம் பரிசு 15,001, மூன்றாம் பரிசு 10,001. ஒவ்வொன்றுக்கும் நேரே வழங்குபவர் படம். சிறந்த ரைடருக்கு ஃபேன், அதற்கு ஒருவர் படம். பந்தல், தண்ணீர் பாட்டில், மைக் செட், எல்லாவற்றுக்கும் படம். ஃப்ளெக்ஸ் முழுக்கத் தேடினாலும் ஆடுகிற ஒருவன் முகமும் இருக்காது. உளிக்காரர் போய்விட்டார், டக் டக் நின்றுவிட்டது. தொழில் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

தினமும் காலையில் மைதானத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பாதிப் பேர் வெறும் டீ குடித்துவிட்டு வருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு முட்டை, கையளவு ஊறவைத்த கடலை, வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ, திண்டுக்கல்லுக்குப் போட்டிக்குப் போகிற அன்றைக்குச் சாப்பாட்டுக் காசு. இவ்வளவுதான் தேவை. இதற்கு இதுவரை உபயதாரர் யாரும் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். முட்டையில் பேர் வெட்ட முடியாது. வெட்டினாலும் உரித்துப் போட்டுவிடுவார்கள்.

வருகிற தையில் பரிசு கொடுக்கலாம் என்று நினைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசை 5,001 ஆக்கிவிடுங்கள். ஜெயிக்கிறவன் எப்படியும் ஜெயிப்பான். மீதி பதினையாயிரத்தை ஊரில் நம்பகமான ஒரு பி.டி. வாத்தியாரிடம் மாதா மாதம் பிரித்துக் கொடுங்கள். உங்கள் படத்தை அவர் வீட்டுச் சுவரில் வேண்டுமானால் மாட்டச் சொல்கிறேன்.